அம்பு காட்டிய பக்கம்

ஜூன் 3, செவ்வாய்
பிரஷர்: 152/96

டாக்டர் உத்தரவு. தினமும் காலையில் பிரஷர் பார்த்து எழுத வேண்டுமாம். அன்றைக்கு எதற்குக் கோபம் வந்தது, யார் மேல் வந்தது என்பதையும் கூடவே எழுத வேண்டுமாம். ஒரு மாதம் கழித்து நோட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். "மாத்திரையைக் கூட்டறதுக்கு முன்னால உங்க கோபம் எங்கிருந்து வருதுன்னு பாத்தரலாமுங்க" என்றார். பார்த்தால் அவர்தான் மாத்திரை போட வேண்டி வரும்.

சரி, படித்துக்கொள்ளுங்கள் டாக்டர். பெயர் கோகிலவாணி. வயது நாற்பத்து மூன்று. திருப்பூர். பனியன் கம்பெனியில் பதினாலு வருஷம் சாம்பிள் டெய்லர், அதாவது எந்தப் புது டிசைன் வந்தாலும் முதல் துணியைத் தைத்துக் காட்டுகிற ஆள். இப்போது நாலு வருஷமாக வீட்டில் கைப்பொம்மை செய்கிறேன். கையை உள்ளே விட்டு வாயைத் திறந்து மூடிப் பேச வைக்கிற பொம்மைகள். தவளை, உடும்பு, அழுங்கு, தேவாங்கு, கீரி, ஆந்தை. கரடியும் முயலும் செய்வதில்லை, அதற்கு ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துப் போய்க் கதை சொல்வேன்.

இன்று காதர்பேட்டைக்குத் துணி எடுக்கப் போனேன். கடைக்காரர் ஒரு பச்சைத் துணியை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார்.

"பாருங்கக்கா, எப்படி இழுக்குதுன்னு."

"இழுக்குது சரி. திரும்பிப் போகுதா?"

"எங்கீங்க போகோணும்?"

ஸ்கேலை எடுத்துப் பத்து சென்டிமீட்டர் குறித்து, பதினைந்து வரை இழுத்து, விட்டுக் காட்டினேன். பன்னிரண்டில் நின்றுகொண்டது. "இதுல தவளை செஞ்சா ரெண்டாவது நாளே தாடை தொங்கிப் போகும்" என்றேன். "தவளைக்குத் தாடை தொங்கித்தானுங்களே இருக்கும்" என்கிறார். கோபம் வராமல் என்ன செய்யும்?

டாக்டருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பனியன் துணி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுபடாது. குறுக்கே நன்றாக இழுபடும், நெடுக்கே பிடித்துக்கொண்டு நிற்கும். கையைச் சுற்றி வருகிற பக்கம் இழுபட்டால்தான் கை உள்ளே போகும், வாய் திறக்கும். மாற்றி வெட்டினால் கையும் போகாது, பொம்மையும் பழைய சாக்ஸ் மாதிரித் தொங்கும். லைக்ரா கலந்த துணி மட்டும் விதிவிலக்கு. அது நாலு பக்கமும் இழுபட்டு நாலு பக்கமும் திரும்பி வரும், எப்படி வெட்டினாலும் பாதகமில்லை. துணியை வெட்ட அளவு காட்டுகிற என் காகிதப் பேட்டர்ன் ஒவ்வொன்றிலும் ஒரு அம்பு போடுவேன். துணி எந்தப் பக்கம் இழுபட வேண்டுமோ அந்தப் பக்கம் அம்பு.

இன்றைய கோபம் கடைக்காரர் மேல். சின்னக் கோபம்தான்.

ஜூன் 4, புதன்
பிரஷர்: 146/92

கோபம் இல்லை. அழுங்குக்குச் செதில் வெட்டினேன், நூற்று இருபது. வீட்டுக்காரர் ரசத்தில் உப்பு இல்லை என்றார். உப்பு எனக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். "உனக்குத்தான ஆகாது?" என்கிறார். இதைக் கோபக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி
பிரஷர் காலையில்: 148/94. மத்தியானம்: 176/108

இதை மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன்.

மகுடேஸ்வரன் என்று ஒருவர். அப்பா நடத்திய பனியன் கம்பெனியை இப்போது நடத்துகிறார், குழந்தைகள் சாமான் ஏற்றுமதி. ஏப்ரலில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் பொம்மைகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தார். "அக்கா, இதைய வெளிநாட்டுக்கு அனுப்பலாமுங்க. உங்க பேரையே லேபிள்ல போடறேன்" என்றார். ஆறு பொம்மைகளிலும் ஒவ்வொன்று சாம்பிளாகத் தைத்துக் கொடுத்தேன். ஆர்டர் கிடைத்துவிட்டது, இன்று பையரின் ஆள், அதாவது வெளிநாட்டில் வாங்குகிற கம்பெனியின் ஆள், வருகிறார், நீங்களும் வந்து இயக்கிக் காட்டுங்கள் என்று கூப்பிட்டார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். அந்தப் புடவையை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

பையரின் ஆள் தவளையைக் கையில் மாட்டிக்கொண்டு சிரித்தார். யார் செய்தது என்று இங்கிலீஷில் கேட்டார். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். மகுடேஸ்வரன் கண்ணிமைக்காமல் சொன்னார், எங்கள் டிசைன் டீம் ஆறு மாதமாக உழைத்து உருவாக்கியது என்று. நான் யார் என்று அவர் கேட்டதற்கு, பொம்மை ஆட்டிக் காட்ட வந்த அம்மா என்றார். லேபிளையும் பார்த்தேன். கம்பெனி பெயர் மட்டும்தான்.

அந்த அறையில் பாக்கியமும் இருந்தாள். தனபாக்கியம். பதினாலு வருஷம் என் பக்கத்து மிஷின். அவள் தூக்குப்போசியில் நான் தின்றிருக்கிறேன், என் தூக்குப்போசியில் அவள் தின்றிருக்கிறாள். பிறகு கட்டிங் பிரிவுக்குப் போய், இப்போது இந்தக் கம்பெனியில் துணி வெட்டுகிறாள். அந்தத் தவளையின் முதல் கண்ணை என்னோடு உட்கார்ந்து தைத்தவளே அவள்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. துணிக்கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் அங்கே ஒன்றும் பேசவில்லை. தவளை வாயைத் திறந்து மூடிக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு
பிரஷர்: 166/102

மத்தியானம் வீட்டுக்காரர் தூங்கினார். எனக்குக் கொஞ்சம் மேஜை வேலை இருந்தது. நாளைக்கு மகுடேஸ்வரனிடம் பேட்டர்ன் தாள்களைக் கொடுக்க வேண்டும். கொடுப்பதாக ஏப்ரலிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன், தப்ப முடியாது. பெயர் வரும் என்ற ஆசையில் போட்ட கையெழுத்து.

பென்சில் கோடுகள் மங்கியிருந்தன. சிலவற்றை அழித்துப் புதிதாகப் போட்டேன்.

ஜூன் 9, திங்கள்
பிரஷர்: 170/104

தாள்களை வாங்கப் பாக்கியத்தையே அனுப்பியிருந்தார்கள். வாசலில் நிற்க வைத்தே கொடுத்தேன். தண்ணீர் குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"கோவமா புள்ள?"

"எதுக்கு?"

"அன்னிக்கு நான் வாயைத் தொறக்கலீன்னு."

"நீ தொறந்து என்ன ஆகப் போகுது?"

தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என்னைய கட்டிங் மாஸ்டரா போட்டிருக்கறாங்க" என்றாள். "இந்த ஆர்டர்தான் மொத வேலை. அந்தக் கம்பெனில இதுவரைக்கும் பொம்பளை யாரும் டேபிளுக்குப் பொறுப்பா நின்னதில்லை. ஆம்பளைக எல்லாம் எப்படா கவுருவான்னு பாத்துட்டே இருக்கறாங்க. உன்ற பொம்மைங்கறதால எனக்குப் பயமில்லை."

ஓஹோ, அதனால்தான் வாயைத் திறக்கவில்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. "சந்தோசம்" என்றேன்.

அவள் தெருமுனை திரும்புகிற வரை வாசலிலேயே நின்றேன். கூப்பிட்டிருக்கலாம்.

தாள்கள் மொத்தம் முப்பத்தியொன்று. ஒன்றுகூடக் குறையாமல், எல்லாத் தாளிலும் அம்பு போட்டுத்தான் கொடுத்தேன். என் மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

ஜூன் 10, செவ்வாய்
பிரஷர்: 158/100

ஒன்றைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். லைக்ரா கலந்த, நாலு பக்கமும் இழுபடுகிற துணிதான் வாங்க வேண்டும் என்று மகுடேஸ்வரனிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். சாம்பிளும் அதில்தான் தைத்துக் கொடுத்தேன். அந்தத் துணியை வாங்கினால் ஒரு கெடுதலும் வராது. அம்பு எந்தப் பக்கம் இருந்தாலும் வராது. யோக்கியனாக இருந்தால் பிழைத்துக்கொள்வார். மட்டமான துணியை வாங்கினால் அது அவர் தலையெழுத்து.

வீட்டுக்காரர் கேட்டார், "யார்கூடப் பேசிட்டு இருக்கற?" சத்தமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்
பிரஷர்: 164/102. மாத்திரை போட்டேன்.

ஜூன் 13, வெள்ளி
பிரஷர்: 160/98

பாக்கியம் போன் செய்தாள். துணி வந்துவிட்டதாம்.

"லைக்ராவே இல்லை புள்ள. வெறும் ஃபிளீஸு. எவனோ எடுக்காம விட்ட ஸ்டாக். குறுக்கால மட்டுந்தான் இழுக்குது, நெடுக்கால கல்லாட்ட நிக்குது. நான் சொல்லிப் பாத்தேன். பாக்கறதுக்கு ஒரே மாதிரித்தான இருக்குது, வெட்டுங்கங்கறாங்க."

"சாம்பிள் ஒண்ணு தெச்சுப் பாக்கலையா?"

"சாம்பிள்தான் முன்னயே ஓகே ஆயிருச்சாம். கப்பலுக்கு நாள் இல்லையாம். அப்பறம், உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும் புள்ள, இந்தத் தவளைத் தாள்ல..."

அடுப்பில் பால் பொங்கிவிட்டது. போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 14, சனி
பிரஷர்: 178/110

டாக்டர், இந்தப் பக்கத்தை ஸ்டேப்ளர் அடித்து மூடப் போகிறேன். பிரிக்காதீர்கள். பிரஷர் எண்ணை வெளியே எழுதிவிடுகிறேன், அது உங்களுக்குப் போதும்.

அடுப்பில் பால் இல்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை.

போன ஞாயிறு மத்தியானம் முப்பத்தியொரு தாளிலும் இருந்த அம்புகளை ரப்பரால் அழித்தேன். அழித்த தடம் தெரியாமல் விரலால் தேய்த்தேன். பிறகு ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றையும் கால் வட்டம் திருப்பிப் போட்டேன். குறுக்கே இருந்தது நெடுக்கே ஆனது. முப்பத்தியொன்றுக்கும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவசரமே படவில்லை. வேலை நறுவிசாக இருந்தது. தவளைத் தாளில் போடும்போது சிரித்தேன் என்றும் எழுதிவிடுகிறேன். பையரின் ஆள் கையை உள்ளே விட்டுப் பார்க்க, கை பாதியில் மாட்டிக்கொள்ள, "டிசைன் டீம்" முழிப்பதை நினைத்துப் பார்த்தேன். அந்த வாரத்தில் நெஞ்சு லேசான ஒரே நேரம் அதுதான்.

தப்பு என்று அன்றைக்குத் தோன்றவில்லை. லைக்ரா வாங்கினால் ஒன்றும் ஆகாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் வாங்க மாட்டான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதினாலு வருஷம் இந்த ஊர்க் கம்பெனியில் குப்பை கொட்டியவளுக்கு அது தெரியாதா?

வெட்டப் போவது பாக்கியம் என்பது திங்கட்கிழமைதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் கூப்பிடவில்லையே, அதற்கு என்ன சமாதானம் சொல்வது? சொல்கிறேன். அவள் மேலும் கோபம். மகுடேஸ்வரன் என் பெயரைத் தின்றபோது அவள் தரையைப் பார்த்தாள். கொஞ்சம் படட்டும் என்று நினைத்தேன். "கொஞ்சம்" என்றுதான் நினைத்தேன். ஒரு டேபிள் போகும், ஒரு வேலை போகும், ஆண்கள் நாலு பேர் சிரிப்பார்கள் என்றெல்லாம் அளந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில்தான் வெட்டுவார்கள். அதற்கு முன் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு
பிரஷர்: 170/106

இன்றே போகலாம் என்று செருப்பு மாட்டினேன். நாத்தனார் குடும்பத்தோடு வந்துவிட்டாள். ஒறம்பரை வந்த வீட்டை விட்டுவிட்டுப் போக முடியுமா? போன் செய்திருக்கலாம். போனில் இதை எப்படிச் சொல்வது?

இட்லிக்கு ஆட்டினேன். நாத்தனார் மகள் தேவாங்கைக் கேட்டு அழுதாள், கொடுக்கவில்லை. ஒரே நாளில் எத்தனை பேருக்கு நல்லவளாக இருக்க முடியும்?

நாளை காலை முதல் வேலை.

ஜூன் 16, திங்கள்
பிரஷர் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்குப் போனேன். நேற்றே வெட்டிவிட்டார்கள். கப்பலுக்கு நாள் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் போட்டிருக்கிறார்கள். நான் இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தபோது அவள் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மூவாயிரம் பொம்மைக்கான துண்டுகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. காலையில் தைத்த முதல் பத்துத் தவளைகள் மேஜை மேல் கிடந்தன. ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தேன். கை விரல் கணுவிலேயே நின்றுவிட்டது. வாய் திறக்கவே இல்லை. உடம்பு மட்டும் முழ நீளம் தொங்கியது. நான் நினைத்த மாதிரியே நடந்திருந்தது.

மகுடேஸ்வரன் கத்திக்கொண்டிருந்தார். பாக்கியம் கட்டிங் டேபிள் ஓரத்தில் நின்றிருந்தாள். சுற்றி ஆண்கள். ஒருவன் சொன்னான், "பொம்பளைகிட்டக் கத்திரியைக் குடுத்தா வெங்காயந்தான் வெட்டுவாங்க." சிரித்தார்கள். அவனை அங்கேயே அறைந்திருப்பேன். அறைய எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கை தானாகத் தாழ்ந்தது.

மகுடேஸ்வரனை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டேன். அவர் நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை.

"அவளைத் திட்டாதீங்க. அம்பைத் திருப்பிப் போட்டது நானு. வேணும்னேதான் போட்டேன்."

"அக்கா, மெதுவாப் பேசுங்க. பையரோட ஆளு மேல இருக்கறாரு."

"இருக்கட்டும். அவரையும் கூப்பிடுங்க. அவர் முன்னாலயே சொல்றேன்."

அவர் முகத்தில் முதலில் ஒரு திகைப்பு வந்தது. பிறகு யோசித்தார். பிறகு தணிந்த குரலில், மரியாதையாக, "எந்த அம்புங்கக்கா?" என்றார்.

"பேட்டர்ன்ல இருக்கற அம்பு. வேற எந்த அம்பு?"

"பேட்டர்ன் எங்க டிசைன் டீம் போட்டதுங்களே."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"நாந்தான் குடுத்தேன். ஒம்பதாம் தேதி பாக்கியம் வந்து வாங்கிட்டுப் போனா."

"நீங்க ஏதோ பழைய தாள் குடுத்தீங்க, சரி. ஆனா டிசைன் எங்களுதுன்னு பையர்கிட்டச் சொல்லியிருக்கறனுங்க. இப்பப் போயி, வெளிய இருந்து ஒரு அம்மா குடுத்த பேட்டர்ன், அந்தம்மா தப்பாப் போட்டுட்டாங்கன்னு சொன்னா, மொத்த ஆர்டரும் போயிருமுங்க. டீம் சரியாப் போட்டுது, வெட்டுனவங்க தப்பா வெட்டிட்டாங்க. அப்படித்தான் சொல்லியிருக்கறேன்."

"அது பொய்யி!"

"தப்பு பண்ணுனதா நீங்களே சொல்றீங்க. உங்களுக்கு என்னுங்க, நல்லதுதானுங்களே? வீட்டுக்குப் போங்கக்கா. பிரஷர் இருக்குதுன்னு சொன்னீங்க."

என் பொம்மையை எடுத்துக்கொண்டான். என் பெயரை எடுத்துக்கொண்டான். கடைசியில் நான் செய்த அயோக்கியத்தனத்தைக்கூட என்னுடையது என்று சொல்ல விடவில்லை. அதைத் தூக்கிப் பாக்கியத்தின் தலையில் வைத்துவிட்டான். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. செக்யூரிட்டி வந்து, "அக்கா, வாங்கக்கா" என்று கேட் வரை கூட்டி வந்தார். அவர் நல்ல மனிதர்.

ஜூன் 17, செவ்வாய்
பிரஷர்: 182/112

பாக்கியத்தை டேபிளிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிசிறு வெட்டுகிற வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாகச் சேர்கிற பெண்களுக்குக் கொடுக்கிற வேலை அது. இன்று லீவு போட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அம்பைத் திருப்புனது நானு."

உருவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. துணிய விரிக்கறப்பவே இழுத்துப் பாத்தேன். துணி ஒரு பக்கம் இழுக்குது, அம்பு ஒரு பக்கம் நிக்குது. தவளைக்கு நெடுக்கால அம்பு வருமான்னு கை சொல்லிட்டே இருந்துச்சு. அதைத்தான் உன்னைக் கேக்கலாம்னு போன் பண்ணுனேன்."

அடுத்த கொத்தை எடுத்தாள்.

"நீ வெச்சுட்ட. அப்பறம் ஞாயித்துக்கெழமை டேபிள்ல நின்னு நெம்ப நேரம் யோசிச்சேன். இது கோகிலா போட்ட அம்பு. பதினாலு வருசத்துல ஒருக்காக்கூட அவ தப்பாப் போட்டதில்லை. அப்ப என்ற கைதான் தப்புன்னு நெனச்சு வெட்டிப்போட்டேன்."

கீரைக் காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். என்னை வைது தீர்த்திருக்கலாம். முகத்தில் அந்தத் தட்டை எறிந்திருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் போனேன்.

"அன்னிக்கு நான் பேசாததுக்கா பண்ணுன?" என்று கேட்டாள்.

"ஆமா."

"பேசியிருக்கோணும். பயந்துட்டேன். ஆனா அதுக்கு நீ என்னைய வீட்டு வாசல்லயே வெச்சுத் திட்டியிருக்கலாமே புள்ள."

அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தேன், நாலு கிலோமீட்டர். வழியில் எந்த பஸ்ஸிலும் ஏற எனக்குத் தகுதியில்லை என்று தோன்றியதாக எழுதினால் டாக்டர் சிரிப்பார். உண்மையில் பஸ்ஸில் நாலு பேர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

ஜூன் 18, புதன்
பிரஷர்: 174/106

என் மேல் எனக்குக் கோபம். ஆனால் மகுடேஸ்வரன் மேல் உள்ள கோபம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை. இரண்டும் தனித்தனியாக எரிகின்றன.

திங்கட்கிழமை நான் கையோடு எடுத்து வந்துவிட்ட அந்தத் தவளையைப் பிரித்துப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்தேன். பக்கவாட்டுத் தையலைப் பிரித்து, மணிக்கட்டிலிருந்து தாடை வரை இரண்டு பக்கமும் ரிப் துணியில் ஒரு பட்டை கொடுத்தேன். டீ-சர்ட் கழுத்துக்கு வைக்கிற அதே ரிப், நன்றாக இழுபட்டுத் திரும்பும். கை உள்ளே போனது. தொங்காமல் இருக்க உள்ளே நெடுக்காக ஒரு காட்டன் நாடா. மூன்றாவது தடவையில் வாய் திறந்தது. பட்டைக்கு அடர்பச்சை கொடுத்தால் வேண்டுமென்றே செய்த டிசைன் மாதிரி இருக்கிறது. முன்னதைவிட அழகு என்றுகூடச் சொல்லலாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமாக எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார். இன்று கிண்டல் இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "கம்பெனிக்கு நான் வேணா கூட வரட்டா?" என்றார்.

ஜூன் 19, வியாழன்
பிரஷர்: 168/104

தனியாகத்தான் போனேன். தவளையை மகுடேஸ்வரன் மேஜையில் வைத்தேன். கையை விட்டுப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். முகம் மலர்ந்துவிட்டது.

"மூவாயிரத்துக்கும் பண்ண முடியுமாங்கக்கா?"

"முடியும். கூட உக்காந்து சொல்லித் தர்றேன். ஒரே ஒரு கண்டிசன். ரிப் பட்டையை பாக்கியந்தான் வெட்டோணும். மாஸ்டரா நின்னு வெட்டோணும். அதுக்கப்பறமும் டேபிள் அவளுதுதான்."

யோசித்தார். எனக்கு ஒரு கண்டிஷன் இருந்தால் அவருக்கும் ஒன்று இருக்கும்தானே. கம்ப்யூட்டரில் ஏதோ அடித்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஆறு பொம்மைகளின் உருவமும் பேட்டர்னும் முழுக்க முழுக்கக் கம்பெனிக்குச் சொந்தம். அவற்றின் மேல் எனக்கு எந்த உரிமையும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இனிமேல் நான் அவற்றைச் செய்யவோ எங்கும் காட்டவோ கூடாது.

"இருந்ததில்லைன்னா என்ன அர்த்தம்? நேத்துவரைக்கும் நாந்தான செஞ்சேன்?"

"சும்மா ஒரு பார்மாலிட்டிங்கக்கா."

அந்தத் தாளைக் கிழித்து அவர் வாயில் திணிக்க வேண்டும் போலிருந்தது. அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பாக்கியம் தெரிந்தாள். இருபது வயதுப் பெண்களுக்கு நடுவில், கீழே உட்கார்ந்து, கண்ணுக்கு நேராகத் துணியைப் பிடித்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி போட மாட்டாள்.

கையெழுத்துப் போட்டேன். பேனா தாளைக் குத்திக் கிழித்துவிட்டது. அவர் வேறு தாள் எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து தவளை, உடும்பு, அழுங்கு, தேவாங்கு, கீரி, ஆந்தை, ஆறையும் ஒரு பையில் போட்டுக் கட்டிப் பரணில் வைத்தேன். ஒப்புக்கொண்ட இரண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போன் செய்து வர முடியாது என்றேன். ஒரு டீச்சர், "உடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"பாக்கியத்துக்குத் தெரியுமா, இந்தக் கையெழுத்து?" என்றார் வீட்டுக்காரர்.

"தெரியாது. நீங்களும் சொல்லக் கூடாது. சொன்னா எனக்கு ஏதோ தியாகிப் பட்டம் குடுத்துருவா. எனக்கு வேண்டாம்."

ஜூன் 21, சனி
பிரஷர்: 158/98

இன்று வேலை ஆரம்பித்தது. பாக்கியம் டேபிளின் தலைமாட்டில் நின்றாள். வெங்காயம் என்று சொன்னவன் துணிக்கட்டை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டைக்கான தாளை வரைந்து கொடுத்தேன். பெரிதாக, அழுத்தி, இங்க் பேனாவால் அம்பு போட்டேன். அழிக்க முடியாதபடி.

"இந்தப் பக்கந்தான் இழுக்கோணும்" என்று வாயாலும் சொன்னேன்.

பாக்கியம் தாளை வாங்கி ஓரமாக வைத்தாள். துணியின் முனையை எடுத்து இரண்டு கையாலும் குறுக்கே இழுத்தாள். விட்டாள். திருப்பிப் பிடித்து நெடுக்கே இழுத்தாள். விட்டாள். பிறகு தாளை எடுத்து அம்பைப் பார்த்தாள். மறுபடியும் ஒரு தடவை துணியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தாளை அதன் மேல் வைத்தாள்.

அடுத்த தாளுக்கும் அப்படியே செய்தாள். அதற்கடுத்த தாளுக்கும். சாயங்காலம் வரை ஆறு பொம்மைகளுக்கும் சேர்த்துப் பதினெட்டுத் தாள் கொடுத்தேன். பதினெட்டுக்கும் இழுத்துப் பார்த்தாள்.

நானும் ஒவ்வொரு தடவையும் அவள் பார்த்து முடிக்கிற வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்ததை நீட்டினேன்.